பிரிபடாத பாகம்

மாதம் பிறந்தால் ஐந்து தேதிக்குள்
என் ஒரு பக்க அறிக்கை போயாக வேண்டும்:
சதுர அடி என்ன விலை,
எந்த ஏரியா ஏறியது, எது அசையவில்லை.
வேளச்சேரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் அலுவலகம்.
கிராஃபைக் கணினி வரைந்துவிடும்.
ஏன் அப்படி வளைகிறது என்று
பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதுவது நான்.

ஆனி: மேடவாக்கம் ஆறாயிரத்து இருநூற்று ஐம்பது.
பெரம்பூர்க்காரர்கள் பெரம்பூரிலேயே வாங்கினார்கள்,
வழக்கம்போல.
எஃப் ஏழு அந்த மாதம்தான் வந்தது.
மூன்றாம் தளம், கிழக்கு வாசல்,
ஆயிரத்து நாற்பது சதுர அடி.
உள்ளே டேப் பிடித்தால் எழுநூற்று அறுபது.
மீதி லிஃப்டிலும் படிக்கட்டிலும்
வாட்ச்மேன் நாற்காலி போடும் மூலையிலும் இருக்கிறது.
அறுபத்தைந்து லட்சம்.
கூட்டுப் பெயர்: தயாளன், சுகந்தி.

ஆடியில் எழுத ஒன்றுமில்லை.
யாரும் பத்திரம் பதிவதில்லை என்பதை
'பருவகாலத் தேக்கம்' என்று எழுதச் சொல்வார் மேனேஜர்.
துணிக்கடைக்கு உள்ள தள்ளுபடி
மூன்றாம் மாடிக்குக் கிடையாது.

ஆவணி முதல் வாரம் தயாளன் அழைத்தார்:
'அறுபத்தாறு போடுங்க, மெட்ரோ வருதில்ல.'
அரை மணியில் சுகந்தி:
'அறுபத்து மூணு போதும், முடிச்சி விடுங்க.'
இரண்டு எண். பின்னணியில்
இரண்டு வெவ்வேறு டிவி.
நான் அறுபத்து நாலரை என்று போட்டேன்.

புரட்டாசியில் பார்க்க மட்டும் வந்தார்கள்.
ஒரு குடும்பம் குழாயைத் திறந்து
தண்ணீரை முகர்ந்துவிட்டு மூடியது.
பரணில் ஒரு மிக்சிப் பெட்டி,
கல்யாணப் பரிசுத் தாள்கூடக் கிழியாமல்.
'வாங்கறவங்களே அதையும் எடுத்துக்கட்டும்' என்றார்கள்
இருவரும், தனித்தனியாக.

ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் அடித்தது.
என் அறிக்கையில் மழைக்கு ஒரு பத்தி கிடையாது.
ஆனால் கார்த்திகை முழுக்க ஒரே கேள்வி:
'தண்ணி நின்னுச்சா?'
கார் விடும் இடத்தில் முழங்கால் என்றார் வாட்ச்மேன்.
கணுக்கால்கூட இல்லை என்றார் தயாளன்.
இடுப்பு என்றார் சுகந்தி,
விலையாவது இறங்கட்டும் என்று.
முதல் தடவையாக நான் சராசரி எடுக்கவில்லை.

மார்கழி. தேக்கம்.
இருவரும் அழைக்கவில்லை.
அது எனக்கு ஏனோ உறுத்தியது.

தை நாலாம் தேதி, நங்கநல்லூர்ப் பல் டாக்டர் ஒருவர்
ஐம்பத்தொன்பது எண்பதுக்குப் பேசி முடித்தார்.
வில்லங்கம் பார்த்தாயிற்று. சாட்சிக்கு ஆள் குறைய
என்னையே கூட்டிப் போனார்கள்.
டோக்கன் நாற்பத்தொன்று.
இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலி,
அதில் டாக்டரின் ஹெல்மெட்.
பத்திர எழுத்தர் மூச்சு விடாமல் வாசித்தார்,
'மேற்படி மனையில் பிரிபடாத பாகம்
நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடி...'
யாரும் நிமிரவில்லை.
எல்லாப் பத்திரத்திலும் வருகிற சொல்தான்.

தயாளனின் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை.
இரண்டு முறை. மூன்று.
பின்னால் நாற்பத்திரண்டு முணுமுணுத்தது.
சுகந்தி செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல்
'கை வேர்க்கும். சட்டையில துடைச்சிட்டு வை' என்றார்.
துடைத்து வைத்தார்.
பச்சை விளக்கு எரிந்தது.

தை அறிக்கை: மேடவாக்கம் இரண்டு சதவீதம் ஏற்றம்.
ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டுக் கீழே.
'அதைத் தூக்கிடு, பார்க்க அசிங்கமா இருக்கு' என்றார் மேனேஜர்.
காரணக் கட்டத்தில் 'மழை' என்று எழுதி அடித்தேன்.
'அவசர விற்பனை' என்று எழுதி
அதையும் அடித்தேன்.
புள்ளியை அங்கேயே விட்டிருக்கிறேன்.

போன வாரம் வேறு வேலையாக டாக்டரிடம் பேசியபோது
மிக்சியைப் பற்றிக் கேட்டேன்.
பரணில்தான் இருக்கிறதாம்.
இன்னும் பிரிக்கவில்லையாம்.